பத்து விநாடி

லியெபாயாவில் காற்று கதவைத் தட்டுவதில்லை.
அதோடு சேர்ந்தே உள்ளே வந்தார்கள் இருவரும்,
ஆளுக்கொரு பக்கம் பிடித்த மேசைக் கணினி,
மழைக்காக அதன்மேல் ஒரு குளியல் துண்டு.

வெல்காவுக்கு விண்டோஸ் வேண்டும்.
மத்தி டப்பா ஆலையின் சம்பளக் கணக்கு
வேறெதிலும் திறக்காது.
திறக்கும் என்று வாதாடுகிறவர்களை
மாதக் கடைசியில் ஒருநாள்
ஆலைப் பக்கம் வரச் சொல்கிறாள்.

ஓயார்ஸுக்கு லினக்ஸ்.
பழைய கோட்டைச் சுவர்களில் வௌவால் எண்ணுகிறவன்.
காதுக்கு எட்டாத கீச்சுகளைக்
கோடுகளாக்கிக் காட்டும் நிரல் அதில்தான் இருக்கிறதாம்.
“இனாம் என்பதற்காக இல்லை” என்றான்.
நான் கேட்கவேயில்லை.

புதிய விண்டோஸை வைத்துப் பார்த்தேன்.
இந்த இயந்திரத்துக்குத் தகுதி போதாது என்றது.
“யாருக்குத்தான் போதுகிறது” என்றாள் வெல்கா,
என்னைப் பார்த்து அல்ல.

ஆப்பிள் என்று ஒன்றும் உண்டே என்று
விலையைச் சொன்னேன்.
இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

சரி, ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்துவிடலாம்,
பாதி உங்களுக்கு, பாதி அவருக்கு.

சொன்ன பிறகுதான் தெரிந்தது,
பிப்ரவரியிலேயே பிரிந்தாயிற்று.
இன்னொரு வாடகைக்கு வழியில்லாமல்
அதே சமையலறை, இரண்டு அலமாரி,
இரண்டு வெண்ணெய்க் கட்டி.
பங்கு போடாமல் மிஞ்சியது இது ஒன்றுதான்.

நாற்பது நிமிடம் கோடு போட்டேன்.
வௌவால்கள் இடத்தை அடைக்கும் என்று
வெல்காவே இருபது ஜிபி விட்டுக்கொடுத்தாள்.
அவன் நன்றி சொல்லவில்லை.
எத்தனை வௌவால் என்று சொன்னான்.

பிறகு கடைசிக் கேள்வி,
எல்லோரிடமும் கேட்பதுதான்:
பொத்தானை அழுத்தியதும் பட்டியல் வரும்,
பத்து விநாடி காத்திருக்கும்,
யாரும் எதையும் தொடாவிட்டால்
எது திறக்கட்டும்?

ஓயார்ஸ் ஈரத் துண்டை மடித்தான்.
வெல்கா டிராம் போவதைப் பார்த்தாள்,
அது போன பிறகும் பார்த்தாள்.

“அவளுடையது.”
“அவனுடையது.”
ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன குரல்கள்.

எது சிறந்தது என்று
பதினெட்டு வருஷமாக அடித்துச் சொல்கிற வாய் என்னுடையது.
(என் வீட்டில் எது ஓடுகிறது என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.)
அன்று ஒன்றும் சொல்ல வரவில்லை.

அந்தப் பத்தை அழித்தேன்.
இனி அது எண்ணாது.
கறுப்புத் திரையில் இரண்டு வரி,
யாராவது வந்து
ஒரு விசையைத் தொடும்வரை
அப்படியே நிற்கும்.

காசை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார்கள்.
துண்டை மறந்துவிட்டார்கள்.