உவர்மலையில் இரண்டடி நன்னீர்

மூன்று பக்கமும் கடல் கிடக்கிற ஊரில்
மணலைக் காசு கொடுத்து வாங்கினேன்.
ஆற்றுமணல், பத்துக் கிலோ, கழுவாதது.
"டச்சுக்குடாவில போய் அள்ளிப்போடாதேங்கோ டொக்டர்,
முழுக்கச் சிப்பித்தூள், தண்ணி கடுத்துப்போகும்"
என்றார் வளர்ப்புமீன் கடை இஸ்ஸதீன்.
நான் டொக்டர் இல்லை.
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பிறர் இரத்தத்துக்கு நிறம் பார்ப்பவள்.
திருத்தவில்லை. நூறு ரூபாய் குறைத்தார்.

பதினொரு வாளி மாற்றிய பிறகும்
தேநீர் வடித்தது மணல்.
பன்னிரண்டாவதைச் செவ்வரத்தைக்கு ஊற்றி
போதும் என்றேன், மணலுக்கும் எனக்கும்.

மேசை ஆடியது.
சேலைன் பெட்டி அட்டையை நாலாய் மடித்து
குட்டைக் காலுக்குக் கொடுத்தேன்.
குளோரின் போகட்டும் என்று
குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தேன்;
வீடு முழுக்க வாளி.
துறைமுகத்தில் இரவுக் கடமை முடித்து வந்த நிறோஜன்
விளக்குப் போடாமல் நடந்து
ஒன்றுக்குள் கால் வைத்தான், சப்பாத்தோடு.

தட்டொன்றை மணலில் வைத்து
அதன்மேல் மெல்ல ஊற்றவேண்டும். தெரியும்.
கடைசி வாளியில் கை களைத்துப்போனது.
மணலில் ஒரு பள்ளம்,
விடியும்வரை கலங்கல்.

செடி ஆறு வேர். கிரிப்டோகொரைன்.
எங்கள் நாட்டு ஓடைகளில் தானாய் முளைப்பது,
கடையில் பொலித்தீன் பையில் விலை ஒட்டி வருகிறது.
கவ்வியால் பிடித்து ஊன்றினேன்.
கவ்வியை எடுக்க, மூன்றாவது மேலே வந்து மிதந்தது.
ஊன்றினேன்.
மிதந்தது.
அதற்கு ஒரு கல்லைத் துணைக்கு வைத்தேன்.

இனித்தான் கஷ்டம்:
ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டும்.
கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்
வடிகட்டிப் பஞ்சில் குடியேறும்வரை மீன் இல்லை.
மீனில்லாத தண்ணீருக்குத்
தினமும் ஒரு சிட்டிகை தீனி,
அழுகட்டும் என்று.

பக்கத்து வீட்டுக் கிளைமன்ட் அண்ணன்
விடியப்புறம் வலை இழுத்து வந்தவர்,
யன்னலால் எட்டிப் பார்த்தார்.
"மீன் எங்க பிள்ளை?"
"இன்னும் வரேல்ல."
"அப்ப ஆருக்குச் சாப்பாடு போடுறீர்?"
பதில் இருந்தது. நைதரசன் வட்டத்தில் தொடங்கவேண்டும்.
சிரித்து வைத்தேன்.

ஒன்பதாம் நாள் இலைகள் கரைந்தன.
வாடவில்லை, கரைந்தன:
நனைந்த கடதாசி போலத் தொட்ட இடம் கழன்றது.
"இடம் மாறினா அப்பிடித்தான் டொக்டர்,
இலையை வெட்டுங்கோ, வேரை விடுங்கோ."
வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த முதல் மாதம்
எனக்கும் தலைமயிர் கொத்தாய்க் கொட்டியது.
அப்போது யாரும் இவ்வளவு நிதானமாய்ச் சொல்லவில்லை.

இரவுகளில் சோதனைக்குழாய்.
எட்டுச் சொட்டு, குலுக்கல், ஐந்து நிமிடம்.
மஞ்சளென்றால் நல்லது, பச்சையென்றால் நஞ்சு.
வேலையில் முடிவை எழுதுவது நான்,
கடிதவுறையைப் பிரித்து முகம் மாறுவது வேறொருவர்.
இங்கே இரண்டும் நானே.
பச்சை.
பச்சை.
ஒருநாள் மின்சாரம் போய் வடிகட்டி நின்றது,
நாலு மணிநேரம் கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்றினேன்,
பைத்தியக்காரி போல, இருட்டில்.
பச்சை.

முப்பத்தெட்டாம் இரவு மஞ்சள்.
நம்பாமல் இன்னொரு தடவை. மஞ்சள்.
பதினொன்றரை மணி, நிறோஜன் கடமையில்,
யாரை எழுப்பிச் சொல்வது?
நடுத் தண்டின் அடியில்
சுருட்டிய பீடி போல ஒரு புது இலை,
செம்மண் நிறத்தில்.

அப்போதுதான் கண்ணாடியில் அதைக் கண்டேன்.
நான் வாங்காதது, இஸ்ஸதீன் விற்காதது,
வேரோடு ஒட்டி வந்திருக்கவேண்டும்:
கடுகளவு நத்தை.
வெளியே குடாவில் நங்கூரமிட்ட கப்பலின் விளக்கு;
இரண்டு கொம்பையும் நீட்டி
அதன் குறுக்கே போனது, அவசரமில்லாமல்.
தீனித் துணுக்கொன்று விழுந்து கிடந்த இடத்தில் நின்று
தின்னத் தொடங்கியது.

கிளைமன்ட் அண்ணனுக்கு இனிப் பதில் உண்டு.
ஒன்று, என்று சொல்லலாம்.

விடிய எண்ணினேன். நாலு.