நன்றி என்றால் போதும்

எட்டுப் பேருக்கு ஒரு சுரைக்குடுக்கை.
எட்டு வாய்க்கு ஒரே உலோகக் குழல்.
சால்டோவில் ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையில்
பட்டை ஓடத் தொடங்குமுன்
மாத்தே ஊற்றுவது என் வேலை,
சம்பளத்தில் சேராத வேலை.

முதல் வாய் ஊற்றுகிறவனுக்கு.
தூசியும் கடுங்கசப்பும் அவனோடு போகட்டும் என்று.
பிறகு வலப்பக்கமாக டார்டோ, நெல்ஸா, ஓர்ஃபிலியா,
பெட்டி அடிக்கும் இரட்டையர்,
எடைக்கார வில்மார், புதிதாக வந்த க்ளேபர்.
ஒவ்வொருவரும் அடிவரை உறிஞ்சி
குழல் கொர்ரென்றதும் என்னிடம் திருப்புவார்கள்.
குழலைத் துடைத்தால் அவமரியாதை.
எச்சில் பார்ப்பவனை இங்கே
யாரும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை.

நன்றி என்ற சொல்லுக்கு
இந்தச் சுற்றில் ஒரே பொருள்:
போதும், இனி எனக்கு ஊற்றாதே.
அதுவரை யாரும் அதைச் சொல்வதில்லை.

ஜூலையில் இருமல் வந்தது.
முதலில் குளிர் அறைக்காரர்கள்,
பிறகு பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு.
குழலைப் பகிராதீர்கள் என்று
வானொலியில் ஒரு டாக்டர் தினமும் கெஞ்சினார்.
அதைக் கேட்டுக்கொண்டே பகிர்ந்தோம்.
வெந்நீர் கொன்றுவிடும் என்றான் டார்டோ.
கசப்பு கொன்றுவிடும் என்றாள் நெல்ஸா.
ஓர்ஃபிலியா எதுவும் சொல்லவில்லை.
அவள் வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில்,
ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பேத்தி,
இரண்டு ரொட்டி எடை.
முறை வந்தபோது அவளும் உறிஞ்சினாள்.

செவ்வாய்க்கிழமை விழித்தேன்.
தொடை எலும்புக்குள் யாரோ
ஈரக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.
முதல் மூன்று நாள் படுத்தால் கூலி இல்லை.
ஒன்றுமில்லை என்று கண்ணாடியிடம் சொன்னேன்.
கண்ணாடியில் இருந்தவன் நம்பவில்லை.
ஆனாலும் சைக்கிளை எடுத்தான்.

கொதிக்குமுன் தண்ணீரை இறக்கினேன்.
இலையை ஒரு பக்கம் சாய்த்துக் குழலை ஊன்றினேன்.
சுற்றிலும் மலைமலையாய் ஆரஞ்சு.
வாசனையே இல்லை.

எல்லாரும் கைகளைத் தேய்த்தபடி நின்றார்கள்.
ஓர்ஃபிலியாவின் கையுறையில் இரண்டு விரல் கிழிந்திருந்தது.
முதல் வாய் என்னுடையது.

"நன்றி" என்றேன்.
குடிக்கவில்லை.

ஊற்றுகிறவன் நன்றி சொல்வது
நடுவர் தன் விசிலையே விழுங்குவது மாதிரி.
இரட்டையரில் ஒருவன் சிரித்துவிட்டான்.
நான் கதவுவரை பின்னால் நடந்து
முழங்கை மடிப்பில் வாயைப் புதைத்துக்கொண்டு சொன்னேன்:
காய்ச்சல். நேற்றிரவிலிருந்து.

நேற்றுக் காலை ஊற்றியதும் நீதானே
என்று யாரும் கேட்கவில்லை.
கேட்காதது எனக்குக் கேட்டது.

டார்டோ ஆற்றுப் பக்கத்துப் பெரிய கதவுகளைத் திறந்தான்.
குளிர் ஒரு முதலாளிபோல உள்ளே வந்தது.
அன்றிரவு ஓர்ஃபிலியா வீட்டுக்குப் போகவில்லை.
நெல்ஸாவின் சமையலறையில் பாய் விரித்தாள், ஒரு வாரம்.
மாலையில் தெருவில் நின்று
ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால்
மகள் தூக்கிக் காட்டிய பொட்டலத்தைப் பார்த்தாள்.
கண்ணாடியைக்கூடத் தொடவில்லை.

நான் ஒன்பது நாள் கிடந்தேன்.
வில்மார் சூப்பை வாசலில் வைத்து, தட்டிவிட்டு,
எதிர்ச்சாரியில் போய் நின்றுகொள்வார்,
நான் எடுக்கும்வரை. ஒருநாள் மழையிலும்.
க்ளேபர் ஆஸ்பத்திரியிலிருந்து செப்டம்பரில் வந்தான்,
சட்டைக் காலருக்குள் கழுத்து ஆட.
என்னிடமிருந்தா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

இப்போது மேசையில் எட்டுக் குடுக்கை, எட்டுக் குழல்.
க்ளேபருடையது பிளாஸ்டிக், பச்சை நிறம், அசிங்கம்.
தடுப்பூசிக்கு வரிசையில் நின்றபோது
நெல்ஸா எல்லாருக்கும் முன்னால் சட்டையைச் சுருட்டி
எல்லாரையும் விட அதிகமாகக் கத்தினாள்.

ஊற்றுவது இன்னும் நான்தான்.
உயரத் தூக்கி ஊற்றுகிறேன்,
தெர்மோஸின் வாய் எதிலும் படாமல்.
ஓர்ஃபிலியா தன் குடுக்கையை நீட்டுகிறாள்.
பேத்தி இப்போது எதையும் எட்டிப் பிடிக்கிறாளாம்.
"நன்றி" என்கிறாள்.
நான் கையை நிறுத்துகிறேன்.

ஊற்று, மடையா, என்கிறாள்.
இது அந்த நன்றி இல்லை.