ரொட்டிக் கணக்கு

செவியா கப்பல் பட்டறையில்
இருமுறை சுட்ட ரொட்டியை எண்ணுபவன் நான்.
அட்மிரல்களை அந்தக் கணக்கு வழியாகத்தான் அறிவேன்.

அல்வார் ஆர்மில்தெஸ் வந்தது தவக்காலத்தில்,
காலணியில் பலென்சியாவின் வைக்கோல் துரும்போடு.
முப்பது வருடம் குதிரைமேல் இருந்தவர்.
கிரனடா எல்லையில் இடது காதைக் கொடுத்து
ஒரு கோட்டையை வாங்கியவர்.
கடலைப் பார்த்ததில்லை.
அதனாலென்ன, காஸ்டில் அரசர் மோதிரம் கொடுத்துவிட்டார்.
ஆற்றில் கட்டிக்கிடந்த பன்னிரண்டு கப்பல்களைப் பார்த்து
"இதில் முன்பக்கம் எது?" என்றார்.
துடுப்புக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.
கேட்ட முகம் அப்படி.

முதல் பயணம் முடிந்து
பீப்பாய்கள் பாதி நிறைந்தே திரும்பின.
மாலுமித் தலைவன் பெரோ சந்தினோ குனிந்து சொன்னான்:
வீரர்கள் எல்லாரும் பலென்சியாக்காரர்கள்,
தின்றது எதுவும் வயிற்றில் தங்கவில்லை,
அட்மிரல் மட்டும் பாய்மரத்தில் தன்னைக் கட்டச் சொல்லி
நின்றபடியே வாந்தி எடுத்தார்.

இரண்டாம் வருடம் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை.
ஜலசந்தியில், கொண்டல் ஓயும்வரை
பதினேழு நாள் ஒரு பாறை மறைவில் பதுங்கிக் கிடந்து
சியூட்டாக்காரர்களின் ஐந்து கப்பல்களைப் பிடித்தாராம்.
ஊரெல்லாம் மணியடித்தது.
எனக்கோ நாற்பது பீப்பாய் இடித்தது.
பிடிபட்டவர்களுக்கும் நம் ஆட்களுக்குச் சமமாக
அளந்து போட்டிருக்கிறார் மனுஷர்.
அரசரின் தணிக்கையாளர் வாசலில் நிற்கிறார்.
நான் எழுதினேன்:
எலி தின்றது.

மூன்றாவது போனது திரும்பவில்லை.
கூலி போய்ச் சேரவில்லை, தார் போய்ச் சேரவில்லை.
துடுப்புக்காரர்கள் எப்படிச் செத்தார்கள் என்பது வேறு கணக்கு,
என்னிடம் இல்லை.
அவருக்கு மீட்புப் பணம் கேட்டு வந்த கடிதம்
அரண்மனையில் எந்த மேசையின் ஆட்டத்தை நிறுத்த மடிக்கப்பட்டதோ.

ஆறு வருடம் கழித்து, மழைநாளில்,
வாசலில் ஒற்றைக் காதோடு ஒரு கிழவர்.
"அந்த நாற்பது பீப்பாய். எலி இல்லை.
என் பெயரில் எழுது."
யார் சொன்னார்களோ அவரிடம்.
அந்தப் புத்தகம் எப்போதோ மூடியாயிற்று ஐயா, என்றேன்.
"திற."
திறந்தேன். எழுதினேன்.
கடனுக்கு ஈடாக அவர் மேசையில் வைத்தது
ஒரு கடிவாளம்.
குதிரை இல்லை.

பசிக்கிறதா என்று கேட்டு ஒரு ரொட்டியை நீட்டினேன்.
வாங்கியவர் பலென்சியாவில் அறுப்பு எப்படி என்று
ஏதோ விசாரித்துக்கொண்டே,
கை தன்பாட்டில்,
மேசை விளிம்பில் அதை மூன்று தட்டு தட்டினார்.
இரண்டு வண்டுகள் விழுந்து ஓடின.
பிறகு கடித்தார்.