ஏ/பிக்கு அப்புறம்

ஜெலுத்தோங் டயாலிசிஸ் நிலையத்திலிருந்து
பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
ஒரே பெட்டிக்குள் முழுப்பெயர்.
பெயரைத் தனியே, தகப்பன் பெயரைத் தனியே
பிரித்துத் தரவேண்டும், வெள்ளிக்குள்.
புதிய இணையப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்,
அவ்வளவுதான் வேலை என்றார் ஹாய் லெங்.

பாயான் லெப்பாஸ், ஐந்தாம் மாடி.
விமானம் இறங்கும்போதெல்லாம்
கோப்பையில் கோப்பி ஓ நடுங்கும்.

முதல் வடிவம் எளிது:
எழுத்துகள், ஓர் இடைவெளி, ஏ/எல் அல்லது ஏ/பி,
மறுபடி எழுத்துகள்.
ஓடவில்லை.
சாய்கோட்டைக் கண்டதும்
வடிவம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டது நிரல்.
தகப்பன் வருமுன்பே கதவைச் சாத்திவிட்டது.
அதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் சாய்த்து இன்னொரு கோடு போட்டேன்:
நீ வெறும் கோடுதான், வாசல் அல்ல.

பிறகு ஆட்கள் வந்தார்கள்.
எஸ்/ஓக்கள், டி/ஓக்கள்,
"அனாக் லெலாக்கி" என்று முழுதாய்த் தட்டிய
யாரோ ஒரு பொறுமைசாலி,
கோட்டுக்கு இருபுறமும் இடம் விட்டவர்கள்,
கோடே வேண்டாம் என்றவர்கள்.
மலாய்ப் பெயர்களுக்காகப் "பின்" சேர்த்தேன்;
உடனே ராபின் துரைசிங்கம்
"ரா" என்று ஒருவராய், துரைசிங்கத்தின் மகனாய்
கேட்காமலே வேறு ஆளாகி நின்றார்.
சொல்லின் விளிம்பில் மட்டும் வெட்டு என்று
எல்லைக்கல் நட்டேன். திரும்பி வந்தார்.

ஊய் ஹாய் லெங் போன்றவர்களுக்குப் பிளவே கிடையாது,
குடும்பப்பெயர் முன்னால் நடக்கும்.
பொருந்தாதது பிழையாகாது.
இதைக் குறிப்பில் எழுதினேன், சிவப்பில்.

நாலு மணிக்கு மழை. பாலம் காணாமல் போயிற்று.
அப்போது வந்தது இந்த வரி:
"தவமணி ஏ/பி காத்தமுத்து
இஸ்தெரி கெப்பாடா இருளப்பன் ஏ/எல் சன்னாசி."
என் நட்சத்திரக்குறிக்குப் பேராசை.
முதல் ஏ/பியில் நிற்கவில்லை.
காத்தமுத்துவை விழுங்கி, கல்யாணத்தை விழுங்கி,
கடைசிக் கோடுவரை போய்
மாமனாரை அவளுக்குத் தகப்பனாக்கியது.
நட்சத்திரத்தின் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அடங்கிவிட்டது.
கேள்வி கேட்டதும் அடங்குகிற பேராசையை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.
(வால் இன்னும் நீளமாய்த் தொங்கியது. அதை வேறிடத்தில் வெட்டினேன்.)

ஊய்களை, டான்களை ஒதுக்கிய பிறகு
மிச்சம் ஒன்பது.
எட்டு, எழுத்துப்பிழை.
ஒன்பதாவது:
"நாகேஸ்வரி ஏ/பி"
அப்புறம் ஒன்றும் இல்லை.
சுட்டியை வைத்துப் பார்த்தேன், ஓர் இடைவெளி இருந்தது.
யாரோ தட்டியிருக்கிறார்கள், காத்திருக்கிறார்கள்,
அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு வரிதானே, தூக்கிவிடு என்றார்கள்.
நிலையத்துக்குப் போன் போட்டேன்.
தாதி நோர்லைலா சிரித்தார்:
அவரா? செவ்வாய், வியாழன், சனி.
மூன்றாவது கட்டில்.
ஐஸ்கட்டி கேட்டு அடம் பிடிப்பார்.
கார்டிலும் பெயர் அப்படியேதான்.

என் வடிவத்தில் தகப்பனுக்கு நேரே ஒரு கூட்டல்குறி:
ஓர் எழுத்தாவது இருந்தாக வேண்டும்.
அதை எடுத்து நட்சத்திரம் வைத்தேன்:
இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

முதல் கட்டத்தில் நாகேஸ்வரி.
இரண்டாவதில் வெற்றுச் சரம்.
இன்மை வேறு, இது வேறு.
அது தேடியும் கிடைக்காதது.
இது கிடைத்தது,
உள்ளே எழுத்து இல்லை, அவ்வளவுதான்.

ஹாய் லெங் குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.
படிவத்தில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில்
"கட்டாயம்" என்கிற சிவப்பு நட்சத்திரம்
இன்னும் இருந்தது.
அதையும் எடுத்தேன்,
யாரிடமும் சொல்லாமல்.