சுவர் விழுந்த வாரம்

அக்டோபரில் ஒரு செவ்வாய், விடிய விடிய மழை.
காலையில் ஏறிப் போனால்
நான்காம் அடுக்கின் சுவரைக் காணோம்.
அது நின்ற இடத்தில் மலை
பல் பிடுங்கிய வாயாய்ச் சிவந்திருந்தது.

சாந்து பூசாத சுவர்.
கல்லின் கனமே கல்லைப் பிடித்திருக்கும்.
ஏழு மீட்டர், அப்படியே கீழே
ஃபெர்மோவின் கொடிகள்மேல் குப்புற.
சாண் ஏறினால் முழம் சறுக்குகிற இடம்தான், தெரியும்;
இந்த முறை சறுக்கியது நிலமே.

அவனும் நானும் பேசி ஆறு வருடம்.
காரணம் ஒரு தண்ணீர்க் குழாய்,
அதுவும் இப்போது இல்லை.

அறுவடைக்கு ஒன்பது நாள்.
போன மாதம் வந்த வங்கிக்காரர்
பாதி ஏற்றத்தில் உட்கார்ந்து, கீழே
அட்டா ஆறு நூலாய்க் கிடப்பதைப் பார்க்காமலே
“டிராக்டர் வராதா?” என்றார்.
ஆடு வரும், நான் வருவேன்,
விலை கிடைத்த வருடம் ஹெலிகாப்டர் வரும் என்றேன்.
ஹெலிகாப்டரை மட்டும் குறித்துக்கொண்டார்.

வியாழன், கடப்பாரையோடு இறங்கினேன்.
எல்லைக்கல் ஓரம் என் சுவர்
பெரிசு, நடுத்தரம், சிறிசு எனப் பிரித்து அடுக்கியிருந்தது.
இடுக்கில் செருகும் சில்லுகள் இரண்டு வாளி நிறைய.
ஒரு கல்லுக்கடியில், உரக்கடைச் சீட்டின் பின்பக்கம்:
நசுங்கியது பதினொன்று. நாற்பது வயசுக் கொடி.
கையெழுத்து இல்லை.

பதினொரு புட்டி கொண்டுபோய் வைத்தேன்,
இருந்ததிலேயே நல்ல வருடம்,
டெல்ஃபினா என்ற என் பெயர்
அவன் வீட்டைப் பார்க்கும்படி திருப்பி.

மறுநாள் பத்து அங்கேயே நின்றன.
பதினொன்றாவது காலி, கழுவிக் கவிழ்த்தது.
அதே பென்சில்:
ஒன்று போதும். மரம் தூக்கல்.

பகல் முழுக்க எரிந்துகொண்டே கல் அடுக்கினேன்.
மரம் தூக்கலாமே! அவன் ஒயினில்
கந்தகம் மூக்கைக் குத்துவது ஊருக்கே தெரியும்.
ராத்திரி, பத்தில் ஒன்றைத் திறந்தேன்.
முதல் மடக்கில் செர்ரி.
இரண்டாவதில், கொஞ்சம் தள்ளி,
புதுக் கதவு.

சுவர் எழுந்தது, ஒரு கல் மிஞ்ச.
யார் பக்கத்துக் கல்லோ,
எல்லையிலேயே விட்டுவிட்டேன். அதன்மேல்
சில நாள் அவன் தொப்பியைக் கழற்றி வைக்கிறான்.

இந்த வருடச் சாறு
மூன்று அறுவடை கண்ட பழைய பீப்பாயில் தூங்குகிறது.
அவனிடம் சொல்லவில்லை.
சொல்வதாயும் இல்லை.