மறுதொடக்கத்துக்குப் பத்து நிமிடம்

ஐஸ் கம்பெனி கணினியில் இரண்டு ஜன்னல்.
முன்னால் இருப்பதில் கணக்கு:
செபஸ்தியார் படகு, நூற்றுப் பன்னிரண்டு பார்,
பாக்கி ஏழாயிரத்துச் சொச்சம்.
பின்னால் இருப்பதில்
என் தீவு.

தீவு இருப்பது மும்பையில்,
ஏதோ ஒரு கிடங்கில், எத்தனையாவது அடுக்கிலோ.
பார்த்ததில்லை.
மாதம் எழுநூற்றைம்பது வாங்கிக்கொண்டு
ஒரு கடவுச்சொல் கொடுத்தார்கள்.
பாம்பனில் உட்கார்ந்தபடி
அங்கே மழையை நிறுத்துவேன்,
பொழுதை விடியவைப்பேன்,
கெட்ட வார்த்தை பேசியவனை
ஒரு நாள் முழுக்க வெளியே நிறுத்துவேன்.
போன வாரம் பேசியது முதலாளி மகன்.
அவனையும்தான்.

இன்று சாயந்தரம் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
காலையில் டோக்கன் வாங்கிப் போன படகுகளில்
பாதி திரும்பியாயிற்று.
திரும்பாத பாதியில்
ரெஜிஸ் போன படகு.

ரெஜிஸ் என் தம்பி.
தீவில் அவன் பெயர் நண்டுவலை.
கடலுக்குப் போகிறவனுக்கு
ஆடு வளர்க்கும் ஆசை எங்கிருந்து வந்ததோ,
வடக்கு முனையில் வேலி போட்டு
நாற்பது ஆடு வைத்திருக்கிறான்.

பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
கம்ப்ரெஸர் நின்றதும்
அமோனியா வாசம் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தது.
எனக்குத்தான் இருட்டு, தீவுக்கு இல்லை.
போன் பிரவுசரில் திறந்து பார்த்தால்
நினைவகம் தொண்ணூற்று நான்கு சதவீதம்.
மறுதொடக்கம் செய்தே ஆகவேண்டும்.
ஷார்ஜா பையன்கள் ஷிப்ட் முடிந்து
இப்போதுதான் உள்ளே வந்தார்கள்.
ஆடட்டும் என்று இழுத்தேன்.

தலைமன்னார்ப் பெண் எழுதினாள்:
'இங்கயும் சரியான காத்து அக்கா.'
எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் கடலில்
ஒரு கோடு உண்டு.
தீவில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே
அவள் போட்ட பூசணித் தோட்டம்தான்.

ரெஜிஸுக்குப் பதினேழு முறை அடித்தேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று
அந்தப் பெண்
பதினேழு முறையும் ஒரே குரலில் சொன்னாள்.

இரண்டு நாற்பத்திரண்டுக்கு அறிவித்தேன்:
பத்து நிமிடத்தில் மறுதொடக்கம்.
பெட்டிகளைப் பூட்டிக்கொள்ளவும்.

ஏழு.
நான்கு.
தகரக் கூரையைக் காற்று பிடித்து உலுக்கியது.
ஒரு நிமிடம் இருக்கும்போது
கருப்புத் திரையில் வெள்ளையாக இரண்டு வரி:

02:51 நண்டுவலை இணைந்தார்.
02:51 நண்டுவலை துண்டிக்கப்பட்டார், நேரம் கடந்தது.

டவர் எட்டும் தூரத்தை
எங்கள் ஊரில் மைலில் சொல்ல மாட்டோம்.
குந்துகால் வெளிச்சம் தெரியும் இடம் என்போம்.
நிறுத்து என்ற பொத்தானை
கட்டைவிரல்தான் அமுக்கியது,
நான் யோசிப்பதற்குள்.

நினைவகம் தொண்ணூற்றேழு.
மாடுகள் கால் தூக்கியபடி நின்றன.
அருவி பாதியில் உறைந்தது.
'அக்கா லேக்.'
'அக்கா ரீஸ்டார்ட் என்னாச்சு?'
'அக்கா இருக்கீங்களா இல்லியா?'
பேசாமல் இருந்தேன்.

02:58 நண்டுவலை இணைந்தார்.
பிங் ஆயிரத்து அறுநூறு.
பிங் படகின் தூரத்தைச் சொல்லாது,
எனக்குத் தெரியாதா.
ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்:
தொள்ளாயிரம்,
ஆயிரத்து நூறு,
போய்விட்டானோ,
இல்லை,
முந்நூற்று நாற்பது.

அவன் முதலில் எழுதியது இது:
'எவன்டா என் ஆட்டுல கைவச்சது?
முப்பத்தெட்டுதான் நிக்கிது.'

நிர்வாகி அதிகாரத்தில் இரண்டு ஆடு உண்டாக்கி
அவன் வேலிக்குள் விட்டேன்.
விதிமீறல். நானே எழுதிய விதி.
பதிவேட்டில் என் பெயரோடுதான் கிடக்கிறது,
யாரும் பார்க்கலாம்.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது.
ஜெட்டியில் யாரோ ஐஸ் கேட்டுக் கத்துகிறார்கள்.
பெட்டிகளைப் பூட்டிக்கொள்ளவும் என்று
மறுபடி அடித்தேன்.