ஏழாவது தூண்

விருதுக் குழு என்னிடம் ஐந்து வரி கேட்டது.
அதிர்வு மேடையில் திருகு முடுக்குவது என் வேலை,
வரி முடுக்குவது அல்ல.
ஆனாலும் பேராசிரியர் ஹிமேனா ஒயார்சூனைப்
பத்தொன்பது ஆண்டுகளாய்ப் பக்கத்திலிருந்து பார்த்தவர்
இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லையாம்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
ஒன்றில் ஆய்வு, மற்றதில் கற்பித்தல்,
நடுவே ஒரு கோடு.
என் பேனா அந்தக் கோட்டின் மேல் போய் நின்றுகொண்டது.

கொன்செப்சியோனில் ஜூலை மழை
ஆய்வுக்கூடத் தகரத்தில் தாளம் தப்பிக் கொட்டும்.
அப்படியொரு செவ்வாய்க்கிழமை
ஏழாவது தூணை மேடையில் ஏற்றினோம்.
முந்தைய ஆறும் தாங்கியிருந்தன.
கட்டுரை முக்கால்வாசி எழுதியாகிவிட்டது.
கரும்பலகையில் "இது உடையாது" என்று எழுதி
அடிக்கோடும் இட்டார் ஹிமேனா.
மூன்றாம் ஆண்டு மாணவர் நாற்பது பேர்
மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்,
ஈரக் குடைகளோடு.

விசையைத் தட்டினேன்.
பன்னிரண்டாம் நொடியில்
அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில்
மயிரிழை விரிசல்.
பதினேழில் காங்கிரீட் பொலபொலவென உதிர,
உள்ளிருந்த கம்பிகள்
விலா எலும்புபோல் வெளியே வந்தன.

சிரிக்கலாமா என்று ஒரு பையன்
பக்கத்தில் நின்றவன் முகத்தைப் பார்த்தான்.

வகுப்புக்கு ஒரு தூண், ஆய்வுக்கு ஒரு தூண் என்று
தனித்தனியாய் வார்க்கச் சொல்பவர்கள் உண்டு.
மாணவர் முன்னே உடைவது
உடைய வேண்டும் என்றே வார்த்ததாக இருக்கும்.
அதையும் வார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

ஹிமேனா கரும்பலகைக்கு நடந்தார்.
அழிப்பானை எடுப்பார் என்று நினைத்தேன்.
"இது உடையாது" என்பதன் கீழே
"ஏன் உடைந்தது?" என்று எழுதினார்.
"எனக்குத் தெரியாது" என்றார்,
மழைக்கு மேலே கேட்கும்படி.
சுண்ணக்கட்டியை ஐலீன் மில்லராயிடம் நீட்டினார்.

மூன்று வாரம்.
இடிபாட்டைச் சல்லடையில் போட்டுச் சலித்தார்கள்.
சுற்றுக்கம்பியின் கொக்கி
வரைபடத்தில் நூற்றுமுப்பத்தைந்து பாகை,
தூணுக்குள் தொண்ணூறு.
கண்டுபிடித்தவள் ஐலீன்.
வளைத்தவன் நான்.

வெள்ளிக்கிழமை மாலை. மகளுக்குப் பிறந்தநாள்.
கேக் கடை ஏழுக்கு மூடிவிடும்.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்:
"இந்த ஏழாவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பழுதான மாதிரி."
ஹிமேனா தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.
"நகரம் முழுக்க
வெள்ளிக்கிழமை மாலைகளால்தான் கட்டியிருக்கிறது, நிபால்தோ."

முக்கால்வாசிக் கட்டுரை குப்பைக்குப் போனது.
இன்னும் இருபத்திரண்டு தூண்கள் வார்த்தோம்,
எல்லாம் அவசரக்காரன் கையால் வளைந்ததுபோல்.
தவறாகக் கட்டினாலும் தாங்கும் தூணைத் தேட
நான்கு ஆண்டுகள் ஆயின.
நிதி ஒருமுறை நின்றது.
ஒரு இதழ் திருப்பி அனுப்பியது, மற்றொன்றும்.

இதற்கிடையே என்னை வகுப்புக்குக் கூப்பிட்டார்.
நெருக்கமான கம்பிக்கூட்டுக்குள் கைவிட்டு
நூற்றுமுப்பத்தைந்து பாகை வளைப்பது
மணிக்கட்டை என்ன செய்யும் என்று காட்டச் சொன்னார்.
நாற்பது பேரும் வளைத்தார்கள். கொப்புளம் கண்டது.
அந்த ஆண்டுத் தேர்வில் கடைசிக் கேள்வி:
"இந்தக் கொக்கியை வளைப்பவரின் மணிக்கட்டு
எங்கே இருக்கும்? வரைக."
பாதிப்பேர் கையே இல்லாமல்
கம்பியை மட்டும் வரைந்திருந்தார்கள்.
மறுபடி எழுத வைத்தார்.

இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?
கோட்டின் மேலேயே எழுதினேன்.
ஐந்து வரி, முப்பது வரி ஆனது.
செயலாளர் அம்மா முகம் சுளித்து வாங்கிக்கொண்டார்.

நேற்று மாலை விருது.
துறைத்தலைவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுகையில்
மேசையில் இருந்த தண்ணீர்க் குவளை முதலில் அசைந்தது.
பிறகு விளக்குகள்.
யாரும் எழவில்லை, இந்த ஊரில் இதற்கு எழமாட்டோம்.
ஆனால் பழைய மாணவர்கள் அமர்ந்த வரிசையில்
உதடுகள் அசைந்தன,
ஒன்று, இரண்டு, மூன்று.
ஐலீன் கூரையைப் பார்க்கவில்லை,
அரங்கத் தூணின் அடியில்
ஒரு சாண் உயரத்தில் கண்ணை வைத்திருந்தாள்.

நின்றது.
கையில் பட்டயத்தோடு மேடையிலிருந்து
கூட்டத்துக்குள் என்னைத் தேடினார் ஹிமேனா.
எத்தனை? என்றது புருவம்.
பத்து விரலையும் காட்டினேன்,
பிறகு ஒன்றை.